மூச்சுப்பாதைப் பயிற்சி ஒருநாள் கூத்தாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபரேஷன் தியேட்டர்களில், தொண்டைக்குள் இருப்பதைக் கேமரா வழியாகத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்துவிட்டதால், மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முடியாமல் உயிர் போகும் ஆபத்து இனி இல்லை என்ற தொனியில் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். கருவியைப் பற்றிச் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கருவியைப் பிடிக்கும் கைக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியே கட்டுரையில் எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மயக்கவியல் டெக்னீஷியன். மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். அவருக்கு வலதுபக்கம் நிற்பது நான். டியூப் போடும் நேரத்தில் அவர் கண் தொண்டையை விட்டு நகராது. வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். அந்தக் கையில் எந்தப் பொருள் எந்தப் பக்கமாக வந்து சேர வேண்டுமோ, அதைச் சரியாக வைப்பது என் வேலை. பல வருடங்களாக இதைச் செய்கிறேன். பயிற்சி பெற்ற கை எப்படி இருக்கும், பயிற்சி விட்டுப்போன கை எப்படி இருக்கும் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெரிய ஆபரேஷன்களில் நோயாளியைத் தூங்க வைப்பதோடு, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போடுவார்கள். அது உடம்புக்குள் போன பிறகு நோயாளி தானாக மூச்சு விட மாட்டார். மாஸ்க் வழியாகவோ டியூப் வழியாகவோ டாக்டர் கொடுக்கும் ஆக்சிஜன்தான் எல்லாம். சாதாரணமாக ஒரு பெரியவரின் நுரையீரலில், மூச்சை வெளியே விட்டபிறகும் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், அந்த மிச்சம் ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதனால்தான் தூங்க வைப்பதற்கு முன் சுமார் 3 நிமிடம் இறுக்கமான மாஸ்க்கில் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கிறோம். “எதுக்கு இந்த மாஸ்க், மூச்சு முட்டுது” என்று பலர் கையால் தள்ளுவார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள். அந்த 3 நிமிடம் ஒழுங்காக நடந்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு 8 நிமிடம் வரைகூட அவகாசம் கிடைக்கும். அதிக உடல் எடை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு இது வெகுவாகக் குறைந்துவிடும்.

டியூப் போவதற்குள் இந்த அவகாசம் தீர்ந்துபோகும் நிலைதான் பயப்பட வேண்டியது. பெரும்பாலும் அப்படி ஆகாது. டியூப் சில விநாடிகளில் உள்ளே போய்விடும். ஆனால் சிலருக்கு, டியூப் நுழைய வேண்டிய வாசலான குரல்நாண்களே கண்ணுக்குத் தெரியாது. கழுத்து மடங்காது, தாடை உள்வாங்கியிருக்கும், வாய் திறக்காது, தைராய்டு கட்டி மூச்சுக்குழாயை ஒரு பக்கம் தள்ளியிருக்கும், தீக்காயத் தழும்பு மோவாயை மார்போடு இழுத்துப் பிடித்திருக்கும். இவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழிகள் உண்டு. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனையை 1985இல் எழுதியவர் இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி. உலகம் முழுக்க மயக்க மருந்துக்கு முன் பார்க்கும் படிவத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

ஆனால் சோதனைகள் எல்லோரையும் பிடித்துக் கொடுத்துவிடாது. டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. டியூப் போடச் சிரமப்பட்டவர்கள் 3,391 பேர். அவர்களில் 93 சதவீதம் பேரை முன்கூட்டி யாரும் சந்தேகிக்கவில்லை. இந்த எண்ணைப் படித்துக் காட்டியபோது எங்கள் தியேட்டரில் இருந்த சீனியர் டாக்டர் ஒருவர், “அப்போ தினமும் முதல் கேஸ்லேயே அது வரலாம்னு நெனச்சுத்தான் உள்ள வரணும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். கஷ்டமான கேஸை மட்டும் அனுபவசாலிக்கு ஒதுக்கிவிட்டுச் சுலபமான கேஸைப் புதியவரிடம் விட்டால் போதும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. எது கஷ்டம் என்பது தசை தளர்த்தும் மருந்து உள்ளே போன பிறகுதான் பலமுறை தெரிகிறது.

சிரமம் தெரியவந்த பிறகு என்ன செய்வது என்பதில் உலகளவில் ஒரு தெளிவு ஏற்பட்டிருக்கிறது. பிரிட்டனின் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் நான்கு படிகள். முதலில் டியூப், லாரிங்கோஸ்கோப்பை வைத்துப் பார்ப்பது அதிகபட்சம் 3 முறை, அதற்குமேல் அதிக அனுபவமுள்ள ஒருவர் வந்தால் அவருக்கு இன்னொரு முறை. முடியாவிட்டால் தொண்டையின் மேற்பகுதியில் உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க். அதுவும் உட்காராவிட்டால் முகத்தில் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து ஆக்சிஜன் கொடுத்துப் பார்ப்பது. எதுவுமே நடக்கவில்லை என்றால், கழுத்தின் முன்பக்கம் கத்தி வைத்து மூச்சுக்குழாய்க்குள் வழி செய்வது. இந்தியாவிலும் இதற்கான அகில இந்தியச் சங்கம் 2016இல் பெரியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், தீவிர சிகிச்சை நோயாளிகள், டியூப்பை எடுக்கும் நேரம் என்று தனித்தனியாக வழிகாட்டிகள் வெளியிட்டது. அச்சடித்து, லேமினேட் செய்து தியேட்டர் சுவரில் மாட்டிவிடுவது சுலபம். பல இடங்களில் மாட்டியும் இருக்கிறார்கள்.

சுவரில் இருப்பது நெருக்கடியில் கைக்கு வராது என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் எலைன் புரோமிலி. இங்கிலாந்தில் 2005 மார்ச் 29 அன்று சைனஸ் ஆபரேஷனுக்காகப் போனவர். வயது 37. மயக்க மருந்து கொடுத்த பிறகு டியூப் போடவும் முடியவில்லை, மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுக்கவும் முடியவில்லை. அறையில் இருந்த மூன்று டாக்டர்களும் அனுபவமுள்ளவர்கள். மூவரும் மாறி மாறி டியூப் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் அளவு 40 சதவீதம் வரை இறங்கியது. ஒரு நர்ஸ் கழுத்தில் வழி செய்யும் செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்யப் போனார். டாக்டர்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எலைன் நினைவு திரும்பாமல் 13 நாள் கழித்து இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லாமல், என்ன நடந்தது என்று விசாரிக்கச் சொன்னார்; 2007இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்.

இந்தக் கதையை டாக்டர்கள் டாக்டர்களுக்காகச் சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் அந்த நர்ஸ்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்கும் காது அங்கே இல்லை. மூச்சுப்பாதைப் பயிற்சி என்றால் டாக்டர்களுக்கு மட்டும், வேறு ஏதோ அரங்கத்தில், வருடத்துக்கு ஒருநாள் என்று இருந்தால் அந்தக் காது எங்கிருந்து வரும்?

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒரு மேடம் செய்த காரியத்தைச் சொல்கிறேன். ஒரு மதியம் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். “பத்து நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டு, பயிற்சிப் பொம்மையைத் தூக்கி எங்கள் டேபிளிலேயே படுக்க வைத்தார். பொம்மையின் நாக்கில் காற்றடித்து வீங்க வைத்திருந்தார். ஜூனியர் டாக்டரிடம், “இவருக்கு அப்பெண்டிக்ஸ். மருந்து போட்டாச்சு. ஆரம்பிங்க” என்றார். மானிட்டரில் ஆக்சிஜன் எண்ணைத் தானே வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். 98, 96, 93.

ஜூனியர் முதல் முறை பார்த்தார், தெரியவில்லை. தலையைச் சரிசெய்து, லாரிங்கோஸ்கோப்பின் பிளேடை மாற்றி, டியூப்புக்கு வழிகாட்டியாக முதலில் உள்ளே விடும் பூஜி என்ற நீளமான மெல்லிய கம்பியை வாங்கி மறுபடி. மூன்றாவது முறையும் ஆனது. அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. மேடம் என் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்க எண்ணிட்டுத்தானே இருக்கீங்க? சொல்லுங்க” என்றார். “சார், மூணு ஆச்சு” என்றேன். டாக்டரிடம் அப்படிச் சொல்வது எங்கள் பழக்கத்தில் இல்லாத காரியம். அதைச் சொல்வது என் வேலைகளில் ஒன்று என்று அன்றைக்குத்தான் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார்.

லாரிஞ்சியல் மாஸ்க் வைத்தார்கள்; மேடம் “காத்து போகல” என்றார். முகத்தில் மாஸ்க், “நெஞ்சு எழும்பல. 71.” அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “இப்ப எல்லாருக்கும் கேக்கிற மாதிரி என்ன சொல்லணும்?” ஜூனியருக்கு விடை தெரியும். தேர்வில் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார். ஆனால் வாயில் வரவில்லை. மேடமே சொல்லிக்கொடுத்தார்: “டியூப் போகல. ஆக்சிஜன் போகல. கழுத்து வழியா போறோம்.” மூன்று வாக்கியம். அதைச் சத்தமாகச் சொன்னதும் அறையே வேறு மாதிரி ஆனது. சர்ஜன் தள்ளி நின்றார், நர்ஸ் விளக்கைக் கழுத்துக்குத் திருப்பினார்.

ஆனால் கத்தி? 10ஆம் எண் பிளேடு டிராலியில் இருந்தது. அதன் கைப்பிடி ஸ்டெரைல் செட்டுக்குள், அடுத்த அறையில். பூஜி நீளமான பொருள் என்பதால் டிராலியின் பின்பக்கம் தொங்கியது. 6ஆம் அளவு டியூப், பெரிய அளவுகளுக்கு அடியில். ஸ்டோரிலிருந்து எல்லாம் தனித்தனியாக வருவதால் தனித்தனி இடத்தில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரிக் கணக்குப்படி “ஸ்டாக்கில் உள்ளது”. மேடம் எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்ல அதற்குமேல் எண் இல்லை.

மறுநாளே கைப்பிடியோடு சேர்ந்த கத்தி, பூஜி, 6ஆம் அளவு டியூப் மூன்றையும் ஒரே உறையில் போட்டு டிராலியின் முன்பக்கம் மாட்டினோம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. வெளியூர்ப் பயிற்சி அரங்கத்துக்குப் போயிருந்தால் இது தெரிந்திருக்காது. அங்கே எல்லாம் அழகாக ஒரே தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். சொந்தத் தியேட்டரில், சொந்த டிராலியோடு, கூட வேலை செய்பவர்களோடு செய்கிற பயிற்சியில்தான் இந்த ஓட்டைகள் தெரியும்.

கழுத்தில் கத்தி வைக்கும் அந்தக் கடைசிப் படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மயக்க மருந்து டாக்டர் தன் பணிக்காலம் முழுவதும் அதை ஒருமுறைகூட நிஜமாகச் செய்யாமல் ஓய்வு பெறலாம். செய்ய நேர்ந்தால், யோசிக்க நேரம் இருக்காது. இடது கையால் குரல்வளையைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் அதன் முன்பக்கம் உள்ள சின்ன சவ்வைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். சவ்வின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கத்தியைக் குறுக்காகக் குத்தி, கூர்ப்பக்கம் கால் பக்கம் பார்க்கும்படி 90 பாகை திருப்பி, கத்தியை எடுக்காமலேயே அதன் ஓரமாகப் பூஜியை உள்ளே நழுவவிட்டு, அதன்மேல் டியூப்பைச் செலுத்த வேண்டும். கழுத்து பருத்து விரலுக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால், நடுக்கோட்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நெடுக்காகக் கிழித்து, விரலால் விலக்கித் தேட வேண்டும். இரத்தம் வரும். கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனிதான் கண்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? பொம்மைகளில் 102 மயக்க மருந்து நிபுணர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2003இல் வெளியானது. ஐந்தாவது முயற்சிக்குள் 96 சதவீதம் பேர் 40 விநாடிக்குள் முடித்தார்கள். அதாவது, ஐந்து முறை திரும்பத் திரும்பச் செய்தாலே பெரிய வித்தியாசம். அது ஒரு மதிய உணவு இடைவேளைக்குள் முடிகிற வேலை. ஆனால் கை மறப்பதும் அதே வேகத்தில் நடக்கிறது. சில மாதங்கள் போனால் மறுபடி செய்துபார்த்தே ஆக வேண்டும். வருடம் ஒருமுறை என்பது என் பார்வையில் போதாது. சாதாரண டியூப் போடுவதற்கே, புதிதாகக் கற்கும் ஒருவர் 90 சதவீதம் வெற்றியைத் தொடச் சராசரியாக 57 முறை செய்ய வேண்டியிருந்தது என்று 1998இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. தினமும் செய்யும் வேலைக்கே அவ்வளவு தேவை என்றால், ஆயுளில் ஒருமுறை வரும் வேலைக்கு ஒரு சான்றிதழ் போதும் என்று எந்தக் கணக்கில் நம்புகிறோம்?

பிரிட்டனில் தேசிய அளவில் ஒரு தணிக்கை செய்து 2011இல் அறிக்கை வெளியிட்டார்கள். நான்காவது தேசியத் தணிக்கை என்று பெயர். வருடத்துக்குச் சுமார் 29 லட்சம் பொது மயக்கங்கள் நடக்கும் நாட்டில், ஓராண்டில் மூச்சுப்பாதை தொடர்பான 184 கடுமையான சம்பவங்களை ஆராய்ந்தார்கள். மயக்கத்தின்போது நடந்தவை 133; அவற்றில் 16 பேர் இறந்தார்கள். மற்றவை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும். எண்ணிக்கை குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் காரணங்களைப் பாருங்கள்: தவறான முடிவு, போதாத பயிற்சி, ஒரு வழி தோற்றால் அடுத்தது என்ன என்று திட்டமிடாதது, தோற்ற வழியையே திரும்பத் திரும்ப முயன்றது. கழுத்தில் ஊசிக்குழாய் போட்டுப் பார்த்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அது பலிக்கவில்லை; கத்தி வைத்துச் செய்தது பெரும்பாலும் பலித்தது. 2015 வழிகாட்டி கத்தியை முன்னிறுத்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சம்பவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆபரேஷன் முடிந்து நோயாளி எழும் நேரத்திலோ மீட்பு அறையிலோ நடந்தவை. டியூப்பை எடுப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம்: நோயாளி விழித்திருக்கும்போதே, மெல்லிய, நுனி வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் மூலம் டியூப் போட்டிருக்க வேண்டிய சில கேஸ்களில் அதைச் செய்யவில்லை. திறமை இல்லாதது, தன்னம்பிக்கை இல்லாதது, கருவி கைக்கெட்டாதது எல்லாம் காரணம்.

இது எப்படிப்பட்ட திறமை என்று சொன்னால்தான் பயிற்சியின் அருமை புரியும். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த ஒருவர். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். அவரைத் தூங்க வைத்துவிட்டு டியூப் தேட முடியாது. முந்தின நாள் மாலையே டாக்டர் அவர் படுக்கையருகே உட்கார்ந்து, “நீங்க முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா குழாய் போடப்போறோம் ஐயா. வலிக்காம மரத்துப்போக வெச்சிருவோம். எதுவா இருந்தாலும் கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்” என்று பேசினார். என் கணக்கில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மறுநாள் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, மூக்கில் சொட்டு மருந்து, தொண்டையில் லிக்னோகெய்ன் ஸ்பிரே. அது கசக்கும், முகத்தைச் சுளித்தார். அளவு மீறாதபடி ஒவ்வொரு ஸ்பிரேயையும் நான் எழுதிக்கொண்டிருந்தேன். குரல் கரகரத்தது, மரத்துப்போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆக்சிஜன் மூக்கு வழியே ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் எதிரில் நின்று ஸ்கோப்பை உள்ளே விட்டார். திரையில் குரல்நாண்கள். “மூச்சை நல்லா இழுங்க ஐயா.” நாண்கள் விரிந்தன, ஸ்கோப் உள்ளே போனது, மூச்சுக்குழாயின் வளையங்கள் தெரிந்தன. அதன்மேல் டியூப்பைத் தள்ளினால் ஓரிடத்தில் முட்டி நின்றது. டாக்டர் அழுத்தவில்லை. அரை விரல் பின்னால் இழுத்து, இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்பினார். வழுக்கிக்கொண்டு போனது. திரையில் டியூப் சரியான இடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தார். வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் அலை மானிட்டரில் வருவதைப் பார்த்தார். இரண்டும் உறுதியான பிறகே, “இப்ப தூங்குங்க ஐயா” என்றார்.

அந்தக் கால் வட்டம் எந்த யூடியூப் வீடியோவைப் பார்த்தும் கைக்கு வராது. ஸ்கோப்பை வளைக்காமல் நேராகப் பிடித்து, கட்டைவிரலால் நுனியை மேலும் கீழும் அசைத்து, பக்கவாட்டுக்கு மணிக்கட்டைத் திருப்பிப் பழக வேண்டும். ஓட்டைகள் போட்ட பயிற்சிப் பெட்டியில் தொடங்கி, பொம்மையில் பழகி, பிறகு சீனியர் பக்கத்தில் நிற்க நோயாளியிடம் வர வேண்டும். வாய் திறக்காத ஒருவரிடம் முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி கட்டுரையாளர் கொண்டாடிய வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு வருகிறேன். நல்ல கருவி. எனக்கும் பிடிக்கும், திரையில் எல்லோருக்கும் தெரிவதால் டாக்டர் கேட்பதற்கு முன்பே எது தேவை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அதிலும் வளைவு அதிகமான பிளேடில் குரல்நாண் பளிச்சென்று தெரியும், டியூப் மட்டும் போகாது. டியூப்புக்குள் இருக்கும் ஸ்டைலெட் என்ற கம்பியை அதே வளைவுக்கு வளைத்து, சரியான இடத்தில் அதைப் பின்னால் இழுக்கத் தெரிய வேண்டும். திரையையே பார்த்துக்கொண்டு டியூப்பை வாய்க்குள் குருட்டாம்போக்கில் தள்ளினால் தொண்டையின் மென்சதை கிழியும். இரத்தமோ வாந்தியோ கேமராவை மூடிவிட்டால் படம் இல்லை. அப்போது கேமரா இல்லாத சாதாரண மெக்கின்டாஷ் பிளேடு பிடிக்கத் தெரிந்த கைதான் காப்பாற்றும். புதிய தலைமுறை டாக்டர்கள் திரையில் மட்டும் பழகிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. கொஞ்சம் பழமைவாதமாகத் தெரிந்தால் பரவாயில்லை.

நான் மேலே சொன்ன கார்பன் டை ஆக்சைடு அலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டியூப் மூச்சுக்குழாயில் இருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா என்பதற்கு அதுதான் நம்பகமான சாட்சி. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது ஏமாற்றும். இதயம் நின்று நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதும் சிறிய அலையாவது வரும். அறவே வரவில்லை என்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு மரணங்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல், இந்த அலையைக் காட்டும் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று அதே 2011 அறிக்கை கண்டது. மயக்க மருந்து டாக்டர்களை மட்டும் அல்லாமல், அங்கே இரவில் இருக்கும் நர்ஸ்களையும் இந்த அலையைப் படிக்கப் பழக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

பயிற்சிகள் நடக்காமல் இல்லை. ஒருநாள் பட்டறைகள் நிறைய நடக்கின்றன. காலையில் உரைகள், மதியம் ஆறேழு மேசைகளில் கருவிகள், ஒவ்வொரு பொம்மைக்கு முன்னாலும் வரிசை. ஒருவருக்கு ஒருமுறை கை வைக்கக் கிடைத்தால் அதிகம். கழுத்து மாதிரியை முதல் சிலர் வெட்டிவிட்ட பிறகு, மற்றவர்கள் ஏற்கெனவே வெட்டிய இடத்திலேயே கத்தியை விடுவார்கள். சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. அதை நடத்துபவர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அது அறிமுகம், அதற்குப் பிறகுதான் பயிற்சி தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

“பயிற்சிக்கு ஆள் அனுப்பினால் லிஸ்ட் நின்றுவிடும்” என்பது நிர்வாகங்களின் வழக்கமான பதில். பொய்யல்ல, ஆள் குறைவுதான். ஆனால் நான் சொல்லும் பயிற்சிக்கு யாரும் எங்கும் போக வேண்டாம். மாதம் ஒருமுறை, லிஸ்ட் முடிந்த பிறகு, அதே தியேட்டரில், அரை மணி நேரம். அதை டியூட்டி நேரமாகக் கணக்கில் எடுத்தால் போதும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு மயக்க மருந்து டாக்டரை மூச்சுப்பாதைப் பொறுப்பாளராக நியமித்து, டிராலியும் பயிற்சியும் அவர் கையில் இருக்கும்படி செய்யலாம். பிரிட்டனில் அந்தத் தணிக்கைக்குப் பிறகு இப்படிச் செய்தார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் தியேட்டருக்கு ஒரு மாதிரி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு மாதிரி டிராலி இருப்பதையும் அவர் ஒழிக்கட்டும். மயக்கவியல் மேற்படிப்பில், சில மாதங்கள் இதற்கென்றே தலை, கழுத்து அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும்படி ஒதுக்கினால் இன்னும் நல்லது. கஷ்டமான தொண்டைகள் அங்கேதான் தினமும் வரும். பயிற்சியில் டெக்னீஷியன், நர்ஸ், சர்ஜன் எல்லோர் பெயரும் வருகைப் பதிவில் இருக்க வேண்டும். சர்ஜன்கள் “இது எங்க வேலை இல்ல” என்று காபி குடிக்கப் போய்விடுவார்கள். விடக்கூடாது.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது ஆஸ்பத்திரி புதுக் கருவி வாங்கியதைப் பற்றி எழுதப் போனால், விலையைக் கேட்பதோடு, கடைசியாக எப்போது இந்தத் தியேட்டரில் ஒத்திகை நடந்தது, யார் யார் வந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி செய்தி கிடைத்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒன்று. ஆபரேஷன் முடிந்த பிறகு, “உங்களுக்கு டியூப் போட ரொம்பச் சிரமமா இருந்துச்சு” என்று டாக்டர் சொன்னால், தலையாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். எந்த வழியில் முயன்றார்கள், எது பலித்தது, எந்த அளவு டியூப் போனது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆபரேஷனுக்குப் போகும்போது பழைய ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தாளை வைத்துக் கொடுங்கள். சர்ஜனிடம் கொடுத்தால் போதாது, மயக்க மருந்து டாக்டர் கையிலேயே கொடுங்கள். அவர் வரவில்லை என்றால், டெக்னீஷியனிடம் கொடுங்கள். நாங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

இப்படிக்கு,
மயக்கவியல் டெக்னீஷியன் ஒருவர்
(பணியில் இருப்பதால் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)